நோட்டின் இடப்பக்கம்

பழைய மெசபடோமியக் காவியம் ஒன்றின் நாயகன் கில்காமேஷ், தன் நண்பன் என்கிடுவின் உடலைப் புதைக்க விடாமல் ஆறு பகலும் ஏழு இரவும் அதனருகிலேயே அமர்ந்திருக்கிறான். கடைசியில் பிணத்தின் மூக்கிலிருந்து ஒரு புழு விழுகிறது. அதன் பிறகுதான் உடலை விட்டுக்கொடுக்கிறான். உலக இலக்கியம் என்ற பெயரில் நான் சேர்ந்திருந்த இணையவழிக் கல்லூரிப் பாடத்தின் முதல் வாரப் பணி, இந்த இடத்தைச் சுற்றியுள்ள இருபது வரிகளை எடுத்துக்கொண்டு ஐந்நூறு சொற்களில் நுணுகி எழுதுவது. பகல் வேலை முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்பை மூன்று முறை படித்தும் எனக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. புழு விழுந்தது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

சும்மா இருக்க முடியாமல், பாடக் குறிப்புகளை வலப்பக்கத்தில் மட்டும் எழுதிவந்த நோட்டின் வெறுமையான இடப்பக்கத்தில் அந்த வரிகளைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். முதலில் "விழுந்தது" என்று எழுதினேன். கல்லும் விழும், மனிதனும் விழுவான். அந்தச் சொல்லில் புழுவின் சிறுமை இல்லை. "நெளிந்து வந்தது" என்று மாற்றினேன். உடனே புழுவுக்கு உயிர் வந்துவிட்டது. பிணத்தைவிடப் புழு முக்கியமாகிவிட்டது. "உதிர்ந்தது" என்று எழுதியபோது என்கிடுவின் உடல் பட்டுப்போன மரமாகி, காட்டில் பிறந்து விலங்குகளோடு வளர்ந்த அவன் மீண்டும் காட்டுப் பொருளாகவே மாறிவிட்டதாகத் தோன்றியது. அதுவும் என்னுடைய கற்பனைதான். மூலத்தில் மரம் கிடையாது. ஆனால் மூன்று வினைச்சொற்களுக்கு நடுவே அலைந்த அந்த அரைமணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது: கவிஞன் அந்த இடத்தில் துக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய அசைவு ஒன்றைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறான். ஐந்நூறு சொற்கள் அதிலிருந்து கிடைத்தன. அன்று தொடங்கிய பழக்கம் பதினைந்து வாரமும் நீடித்தது. வலப்பக்கத்தில் கல்லூரி கேட்டது. இடப்பக்கத்தில் யாரும் கேட்காதது.

பாடம் நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சுவாரசியம் குறைவு. காணொளியில் விரிவுரையாற்றியவர் ஒருவர். கட்டுரைகளைத் திருத்தி மதிப்பெண் போட்டவர் இன்னொருவர். முன்னவருடைய குரலை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டே பழகிவிட்டதால், ஒருநாள் தவறுதலாக இயல்பான வேகத்தில் ஓடியபோது அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். புதன் நள்ளிரவுக்குள் முதல் பதிவு, ஞாயிறு நள்ளிரவுக்குள் சக மாணவர் இருவருக்கு மறுமொழி. யாருடைய ஊர் நள்ளிரவு என்பதில் முதல் இரண்டு வாரம் குழப்பம் இருந்தது. வாரந்தோறும் இயந்திரம் திருத்தும் சிறுதேர்வு ஒன்றும் உண்டு. இறப்பதற்கு முன் என்கிடு எத்தனை நாள் நோயில் கிடந்தான் என்ற கேள்விக்கு நான் "12" என்று எண்ணால் எழுதினேன். விடைத்தாளில் எழுத்தால் இருந்ததால் சுழியம் விழுந்தது. முறையிட்டேன், திருத்தித் தருவதாகப் பதில் வந்தது, பாடம் முடியும்வரை திருத்தப்படவில்லை. ஆறுவார முயற்சிக்குப் பிறகு அந்த ஒரு மதிப்பெண்ணை என்கிடுவோடு சேர்த்துப் புதைத்துவிட்டேன்.

இதைவிட நினைவில் நிற்பவர் ஜார்ஜ் ஸ்மித். இந்தக் காவியம் நமக்கு மீண்டும் கிடைத்ததற்குக் காரணமானவர்களில் ஒருவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சுக்குச் செதுக்கு வேலை பழகப் போனவர். லண்டனில் உணவு இடைவேளைகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நடந்து சென்று, களிமண்ணில் ஆப்பு வடிவில் அழுத்தி எழுதிய ஆப்பெழுத்துகளைத் தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டவர். நினிவே நகரில் அசூர்பனிபால் மன்னனின் நூலகம் இருந்த இடத்திலிருந்து தோண்டியெடுத்த களிமண் பலகைத் துண்டுகளை அங்கேயே வேலைக்குச் சேர்ந்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, 1872இல், இந்தக் காவியத்தைச் சேர்ந்த பெருவெள்ளக் கதை அவர் கண்ணில் பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி அதைப் பற்றி அவர் வாசித்த கட்டுரையைக் கேட்கப் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்திருந்தார். நான்கு ஆண்டுகளில், தம் 36ஆம் வயதில், அலெப்போவில் ஸ்மித் நோயுற்று இறந்துபோனார். காணொளியில் இவருக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு நிமிடம்தான். ஆனால் இரவுப் பணியிலிருந்து திரும்பி விடியற்காலையில் மறுமொழி எழுதும் செவிலியர் ஒருவரும், குழந்தையைத் தூங்கவைத்த பிறகு உள்நுழைபவர்கள் பலரும் இருந்த எங்கள் வகுப்பில், கலந்துரையாடல் பகுதியில் அதிகம் பேசப்பட்ட மனிதர் கில்காமேஷ் அல்ல, உணவு இடைவேளையில் படித்த இந்த ஸ்மித்தான்.

பலகைகள் உடைந்தவை, வரிகள் இடையிடையே இல்லாமற்போனவை. ஈராக்கில் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய ஒரு துண்டிலிருந்து, தேவதாரு வனத்தில் குரங்குகள் கத்துவதும் பறவைகள் பாடுவதுமாக இதுவரை அறியப்படாத வரிகள் கிடைத்து 2014இல் வெளியாயின. அதற்கு முந்தைய மொழிபெயர்ப்புகளில் அந்தக் காட்டில் அந்த ஓசைகள் கிடையாது. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதைப் பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவாகப் படித்திருக்கிறேன். அது ஓர் இழப்பு என்று எனக்கு உறைத்தது கில்காமேஷைப் படித்தபோதுதான்.

உலக இலக்கியம் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் ஜெர்மன் கவிஞர் கதே. 1827 ஜனவரி 31 அன்று வைமரில் தம் உதவியாளர் எக்கர்மனிடம் பேசியபோது, தாம் படித்துக்கொண்டிருந்த ஒரு சீன நாவலைப் பற்றிச் சொல்லிவிட்டு, தேசிய இலக்கியம் என்பதற்கு இனிப் பெரிய பொருளில்லை, உலக இலக்கியத்தின் காலம் வந்துவிட்டது என்றார். கதேக்குச் சீன மொழி தெரியாது. அவர் படித்தது மொழிபெயர்ப்பை. சகுந்தலையைக் கொண்டாடியதும் அப்படித்தான்: வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதை ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார், அதைத்தான் கதே படித்தார். கைமாறி வந்ததைக் கைமாறியதிலிருந்து படித்து மயங்கியவர்தான் அந்தச் சொல்லுக்கே தகப்பனார். ஒப்பிலக்கிய அறிஞர் டேவிட் டாம்ரோஷ் 2003இல் எழுதிய நூலில் உலக இலக்கியத்துக்குக் கொடுத்த இலக்கணங்களில் ஒன்று, மொழிபெயர்ப்பில் எது வளம் பெறுகிறதோ அது என்பது. இதை முதலில் கேட்டபோது சாமர்த்தியமான வாக்கியம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். இப்போது பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்குக் காரணம் பட்டியல்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரிதும் புழங்கிய நார்ட்டன் தொகைநூல் 1956இல் உலகத் தலைசிறந்த படைப்புகள் என்ற பெயரில் வெளிவந்தபோது, அதிலிருந்த உலகம் மேற்குலகம் மட்டுமே. மற்ற உலகம் அதில் இடம்பிடிக்க 1990கள் வரவேண்டியிருந்தது.

எங்கள் பாடத்திட்டம் காலவரிசையில் அமையவில்லை. பயணம், குடும்பம், காதல் என்று மூன்று பகுதிகள். பயணத்தில் கில்காமேஷும் ஒடிசியும். ஒடிசியில் இருபத்திரண்டாம் காண்டம், வீடு திரும்பிய ஒடிசியஸ் தன் மனைவியை மணக்க வந்து முற்றுகையிட்டவர்களைக் கொன்ற பிறகு, அவர்களோடு படுத்த பன்னிரண்டு வேலைக்காரப் பெண்களை அவன் மகன் டெலிமாக்கஸ் ஒரே கயிற்றில் தூக்கிலிடும் இடம். ஒடிசியை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் பெண்ணான எமிலி வில்சன், 2017இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பை முன்னிட்டுச் சுட்டிக்காட்டிய ஒரு செய்தி எங்களுக்குத் தரப்பட்டது. டெலிமாக்கஸ் அந்தப் பெண்களைப் பற்றிப் பேசும்போது கிரேக்கத்தில் பெண்பாலைக் குறிக்கும் ஒரு சிறு சுட்டுச்சொல்தான் இருக்கிறது; ஆனால் முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் அங்கே "வேசிகள்" என்னும் பொருள்படும் வசைச்சொற்களைப் போட்டிருந்தார்கள். இடப்பக்கத்தில் நானும் எழுதிப் பார்த்தேன். தமிழில் "அவர்கள்" என்றால் பால் போய்விடுகிறது, தேவையில்லாத மரியாதை வந்துவிடுகிறது. "அவளுகள்" என்றால் வசை தானாக ஏறிக்கொள்கிறது. "அந்தப் பெண்கள்" என்று எழுதிவிட்டு, "வேலைக்காரப் பெண்கள்" என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்தேன். சம்பளம் வாங்கும் வேலைக்காரிகளா அவர்கள்? அடிமைகள். அடித்துவிட்டு "அடிமைப் பெண்கள்" என்று எழுதியதும் காட்சியே மாறியது. விலைக்கு வாங்கப்பட்டவள், வீட்டைப் பிடித்துக்கொண்டவனோடு படுக்க மறுத்திருக்க முடியுமா என்ற கேள்வி, "வேலைக்காரி" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துகிடந்திருக்கிறது.

குடும்பப் பகுதிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவல் முதல் வாக்கியத்திலேயே தாயின் சாவைச் சொல்லித் தொடங்குகிறது. பிரெஞ்சில் அங்கே இருக்கும் சொல் "மாமோன்". குழந்தை தாயை அழைக்கும் சொல். 1946இல் ஸ்டூவர்ட் கில்பர்ட் அதற்கு ஆங்கிலத்தில் "மதர்" என்று போட்டார். கதைசொல்லி முதல் வரியிலேயே உணர்ச்சியற்றவனாக ஒலித்தான். 1988இல் மாத்யூ வார்ட் அந்தப் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே விட்டுவிட்டார். வகுப்பில் ஒரு வாரம் முழுக்க இந்த ஒரு சொல்லைப் பற்றி விவாதம். எனக்கோ உள்ளூரச் சிரிப்பு. தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. "அம்மா" என்று எழுதினால் தீர்ந்தது. அந்த நாவலின் தொடக்கத்தில் வரும் தந்தியில் வேறு சொல் இருக்கிறது, அலுவலகத் தொனியில் ஒரு சொல்; அதற்கும் நம்மிடம் "தாயார்" தயாராக இருக்கிறது. "தாயார் மரணம். நாளை அடக்கம்." தந்தி அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலக்காரர்கள் நாற்பதாண்டுகள் திணறியதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்ட திருப்தியோடு முதல் வாக்கியத்தை எழுதப் போனேன்.

அம்மா இன்று இறந்துவிட்டாளா, இறந்துவிட்டாரா?

பேனா அங்கேயே நின்றது. பிரெஞ்சு வினைச்சொல் அவள் பெண் என்பதைக் காட்டுகிறது, மகன் அவளுக்கு எவ்வளவு மரியாதை வைத்திருந்தான் என்பதைக் காட்டுவதில்லை. தமிழில் அதைக் காட்டாமல் அந்த வாக்கியத்தை முடிக்கவே முடியாது. தந்தி தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் அதில் வினைமுற்று இல்லை. "இறந்துவிட்டாள்" என்றால், அது மடியில் கிடந்த மகனின் நெருக்கமாகவும் இருக்கலாம், தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தவனின் அலட்சியமாகவும் இருக்கலாம். "இறந்துவிட்டார்" என்றால் வளர்ப்பு நல்லது என்று தெரிகிறது, ஆனால் "அம்மா"வில் வந்த குழந்தைமை விகுதியில் போய்விடுகிறது. "காலமானார்" என்றால் அவன் அறிவிப்புப் பலகை எழுதுகிறான். "செத்துப்போனாள்" என்றால் அவனை முதல் வரியிலேயே நாம் தண்டித்துவிடுகிறோம். நாவலின் பிற்பாதி நீதிமன்றத்தில் நடக்கிறது. அவன் ஒரு மனிதனைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். ஆனால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சுட்டுவது, தாயின் இறுதிச் சடங்கில் அவன் அழவில்லை என்பதை. அவன் தாயை நேசித்தானா என்பதுதான் அங்கே உண்மையான விசாரணை. அந்த வழக்கு தமிழ் பேசும் நீதிமன்றத்தில் நடந்திருந்தால், குற்றவாளி தன் வாக்குமூலத்தில் "ள்" போட்டானா "ர்" போட்டானா என்பதே சாட்சியமாகியிருக்கும். இந்த நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நானும் முன்பே படித்தவன்தான். படிக்கும்போது அந்த விகுதிக்குப் பின்னால் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை.

அடுத்த வாரம் காஃப்காவின் உருமாற்றக் கதை, 1915இல் வெளிவந்தது. காலையில் எழும் கிரகோர் சாம்சா பூச்சியாக மாறிக் கிடக்கிறான். என்ன பூச்சி என்று காஃப்கா சொல்வதில்லை. அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கரப்பான் என்று எழுதிவிடத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். உண்மையான இடறல் வேறோர் இடத்தில் இருந்தது. கதைசொல்லி கடைசிவரை கிரகோரை "அவன்" என்றே சொல்கிறார். மூன்றாம் பகுதியில்தான், அதுவரை அவனுக்குச் சோறு வைத்த தங்கை மேசையில் கையை அடித்து, இந்த விலங்குக்கு முன்னால் என் அண்ணன் பெயரைச் சொல்லமாட்டேன், இதைத் தொலைத்தாக வேண்டும் என்கிறாள். அங்கே ஜெர்மனில் வருவது அஃறிணை ஒருமைக்கு இணையான சொல். ஆனால் ஜெர்மனில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, சிறுமியைக் குறிக்கும் சொல்லே அந்த மூன்றாம் பாலில்தான் இருக்கிறது. அதனால் அந்த மாற்றம் இலக்கணத்துக்குள் கொஞ்சம் மறைந்துகொள்ள முடிகிறது.

தமிழில் அது மறையவே மறையாது. உயர்திணை என்பது மக்கட்சுட்டு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை அந்த நூற்பாவோடுதான் தொடங்குகிறது; மக்கள் அல்லாத மற்றெல்லாம் அஃறிணை. "சுட்டு" என்ற சொல்லைப் பள்ளியில் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். ஒருவரை மனிதர் என்று சுட்டுவதால்தான் அவர் உயர்திணை என்றால், சுட்டும் விரலை மடக்கிக்கொள்ளவும் முடியும் அல்லவா? தங்கை "அவனை" என்பதை விட்டு "அதை" என்று சொல்லும் கணத்தில் நடப்பது அதுதான். அந்த ஒரு சொல்லில் அண்ணன் திணை மாறுகிறான். மறுநாள் காலையில் வேலைக்காரக் கிழவி வந்து பார்த்துவிட்டு, விலங்குகளின் சாவுக்குப் பயன்படும் வினைச்சொல்லால் அதைச் சொல்கிறாள். "செத்துக் கெடக்குது" என்று இடப்பக்கத்தில் எழுதினேன். மொழிபெயர்க்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அவ்வளவு எளிதாக வந்ததே கசப்பாக இருந்தது.

இதை ஆங்கிலத்தில் கலந்துரையாடலில் விளக்கி எழுத இரண்டு இரவு ஆயிற்று. இரண்டு வகை மறுமொழிகள் வந்தன. நல்ல கருத்து, பகிர்ந்ததற்கு நன்றி என்ற வகை மறுமொழி. ஞாயிறு நள்ளிரவுக் கெடுவுக்காக எழுதப்படுபவை, நானும் நிறைய எழுதியிருக்கிறேன். இன்னொன்று துருக்கி மொழி பேசும் ஒரு மாணவியிடமிருந்து. தன் மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் "ஓ" என்ற ஒரே சொல்தான், எனவே தங்கை எந்தச் சொல்லால் அவனைக் கைவிட்டாள் என்பதைத் துருக்கி வாசகர் பார்க்க முடியாது, குரலில் கேட்டால்தான் உண்டு என்று எழுதியிருந்தார். பிறகு ஒரு வரி: "ஒருவேளை எங்கள் வாசகருக்கு அவன் கடைசிவரை மாறாமலே இருக்கிறானோ?" அந்த வரியை வலப்பக்கத்தில் எழுதுவதா இடப்பக்கத்தில் எழுதுவதா என்று தெரியாமல் நடுத்தையலில் குறுக்காக எழுதிவைத்தேன். அதன்பிறகு வாரந்தோறும் நான் முதலில் தேடிப் படித்தது அவருடைய பதிவைத்தான்.

கெஞ்சியின் கதைக்கு ஒதுக்கப்பட்டது ஒரே வாரம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசவைப் பெண்மணி ஒருவர் எழுதிய 54 அத்தியாய நாவலிலிருந்து நான்கு அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வது யானையைத் தடவிப் பார்ப்பதுதான். இணையப் பாடங்கள் எல்லாவற்றிலும் எனக்குள்ள மனக்குறை இது. துண்டுகளைப் படித்துப் படித்து, துண்டுகளைப் பற்றிப் பேசுவதில் மட்டும் தேர்ச்சி வந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்று பிடித்துக்கொண்டது. நாவலில் பெரும்பாலோருக்கு இயற்பெயர் கிடையாது. பதவியாலும் வசிக்கும் இடத்தாலும் பரிமாறிக்கொண்ட கவிதையில் வந்த பூவாலும்தான் அறியப்படுகிறார்கள். ஆங்கில வாசகர்களுக்கு இது பெரிய தொல்லை. எனக்கு, அகத்திணையில் தலைமக்கள் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்ற நம் விதி நினைவுக்கு வந்தது. எழுதிய பெண்மணிக்கும் இயற்பெயர் தெரியாது. "முராசாகி" என்பது அவருடைய நாவலில் வரும் நாயகியின் பெயர், "ஷிகிபு" தந்தை வகித்த பதவி. படைப்பு தன் ஆசிரியருக்குப் பெயர் வைத்திருக்கிறது. நம்மிடமும் ஒருவர் அப்படி இருக்கிறார். அடுத்த வாரப் பாடத்தைத் திறந்தால் அவரேதான் வந்து நின்றார்.

குறுந்தொகை 40. செம்புலப் பெயல்நீரார். ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில், "அவன் சொன்னது" என்னும் பொருள்படும் தலைப்போடு, ஆங்கில வரிகள் படிக்கட்டுகளாக இறங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பாட்டு தெரியாத தமிழர் இல்லை; திருமண அழைப்பிதழ்களில்கூடப் பார்க்கலாம். வகுப்பிலேயே எனக்கு மட்டும் இந்த வாரம் விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன். கூடவே, ராமானுஜன் இந்தப் பாடல்களைக் கண்டடைந்த கதையும் பாடத்தில் இருந்தது. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், தாம் கற்றிராத பழந்தமிழுக்கு ஓர் இலக்கண நூல் தேடிப் போன இடத்தில், உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் அகப்பட்டது. தன் மண்ணின் கவிதையை வேற்று நாட்டு நூலகத்தின் கிடங்கில் சந்தித்தவர் அவர். நான் அவருடைய மொழிபெயர்ப்பை ஒரு திரையில் சந்தித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கப்படி இடப்பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை மொழிபெயர்க்க எதுவுமில்லை, மூலத்தை நினைவிலிருந்து எழுதினால் போதும். "யாயும் ஞாயும் யாரா கியரோ." எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் முன் நின்றேன். யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். எந்தை, நுந்தை. தாய் என்ற ஒரு பொதுச்சொல்லை வைத்து, அதற்கு முன்னால் "என்", "உன்" என்று ஒட்டவைத்தவை அல்ல அவை. யாருடைய தாய் என்பது சொல்லுக்குள்ளேயே பிறந்திருக்கிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. இந்த இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் யார் என்று அவன் கேட்கும்போது, அந்தச் சொற்களின் ஓசையே அவர்களை ஏற்கெனவே உறவாக்கிவிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை என்று வெற்றிக்களிப்போடு எழுதப் போனவன், சரி, இன்றைய தமிழில் எழுதிப் பார்ப்போமே என்று எழுதினேன்: "என் அம்மாவும் உன் அம்மாவும் யாரோ எவரோ." ராமானுஜன் இழந்த அதே இடத்தில் அதையே நானும் இழந்திருந்தேன். யாய், ஞாய் இரண்டும் என் வாயில் ஒருநாளும் புழங்கியதில்லை. இந்தப் பாட்டும் எனக்கு மொழிபெயர்ப்பில்தான் கிடைத்துவந்திருக்கிறது. பொழிப்புரை எழுதியவரை மொழிபெயர்ப்பாளர் என்று நாம் அழைப்பதில்லை என்பதால் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

பாட்டின் கீழே நம் பதிப்புகளில் ஒரு கூற்று இருக்கும்: முதல் கூடலுக்குப் பிறகு, இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் சொல்வது. ஆங்கிலத் தொகைநூலில் அந்தச் சூழல் இல்லை. ஆகையால் வகுப்பில் பெரும்பாலோர் இதை வியப்பின் பாட்டாகப் படித்தார்கள். செம்மண் என்றதும் இரத்தத்தையும் போரையும் பார்த்தவர்கள் இரண்டு பேர். நான் கூற்றை விளக்கி எழுதினேன். அழைப்பிதழில் அச்சாகும் வரிகளுக்குள்ளே, அச்சத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பேசாத முகம் இருக்கிறது என்று எழுதும்போது, எனக்கே அதை அன்றுதான் சொல்லிக்கொண்டேன். கட்டுரையாக விரித்துச் சமர்ப்பித்தபோது, மேற்கோள் வரிகளையெல்லாம் களவு என்று மென்பொருள் மஞ்சளில் குறித்துவைத்தது; தமிழ் வரிகளில் கொம்புகளும் கால்களும் கழன்று தனித்தனியே கிடந்தன. மதிப்பெண் போட்டவர் எதையும் கேட்கவில்லை. ஓரத்தில், இந்தப் பகுதியை இன்னும் விரிக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பதினைந்து வாரத்தில் ஒரு மனிதர் என் கட்டுரையை நிறுத்திப் படித்தார் என்பதற்கு அடையாளமாக அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

துருக்கி மாணவி கடைசி வாரத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். செம்மண்ணில் பெய்த மழைநீர் கலங்கிச் சிவக்கிறது, சரி. ஆனால் அசையாமல் ஓரிடத்தில் நின்றால் மண் அடியில் படிந்து நீர் மறுபடி தெளிந்துவிடாதா? அந்தப் பெண் அஞ்சியதும் அதைத்தானோ? நான் இரண்டு நாள் யோசித்து, கடைசிச் சொல்லைப் பாருங்கள், "கலந்தனவே" என்று இறந்த காலத்தில் முடிக்கிறான், கலந்தாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறான், தெளிவதைப் பற்றி அவன் பேசவே இல்லை என்று எழுதினேன். எழுதியபோதே, அது அவருடைய கேள்விக்கு விடையல்ல, அந்தத் தலைவனைப் போலவே நானும் சமாளிக்கிறேன் என்று தெரிந்தது.

ஞாயிறு நள்ளிரவோடு பாடம் முடிந்து தளம் பூட்டிக்கொண்டது. கலந்துரையாடல்கள் எதுவும் அதன்பிறகு திறக்கவில்லை. நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு அவர் பதில் எழுதியிருப்பதாக ஓர் அறிவிப்பு மின்னஞ்சல் வந்திருந்தது. மறுநாள் காலையில்தான் பார்த்தேன். பதிலின் முதல் வரியை மட்டும் அதில் காட்டியிருந்தார்கள். தமிழில் அதை நோட்டின் கடைசி இடப்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: "அப்படியானால் அவள் அவனிடம் என்ன பதில் சொன்னாள் என்பதை நாம்..."